பதினோரு வருஷம் பழகிய பிறகு

அவனுடைய ஜாதகம் என் கைப்பையில் இருந்தது. அவன் அம்மா கொடுத்தது. ஓரம் மடங்கிவிடக் கூடாது என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்திருந்தார். "உனக்குத்தாம்மா நாலு பேரைத் தெரியும். ஆபீஸ்ல, கோயில்ல, எங்கயாவது நல்ல பொண்ணு இருந்தா பாரு. நீ சொன்னாத்தான் அவன் கேப்பான்" என்றார். கூடவே ஒரு டப்பா முறுக்கு, என் அம்மாவுக்கு.

2024 ஜூலையில் ஒரு சனிக்கிழமை அது. மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் படகுத்துறை வரை அவன்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். நோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. "வீட்டுக்குப் போனதும் மெசேஜ் போடு" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

2023 ஆகஸ்டில் வந்த புதிய ஃபெரிகள் கார் ஏற்றுவதில்லை. ஆட்களும் மோட்டார்களும் சைக்கிள்களும்தான். அன்று கூட்டமும் இல்லை. ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். மனசு ஒரு மாதிரி இருந்தது. அப்படி இருக்கும்போது நான் செய்வது ஒன்றுதான்: அவனுக்கு எழுதுவது. கை தன்பாட்டில் வாட்சாப்பைத் திறந்தது. "டேய், உங்கம்மா" என்று அடித்தேன். அழித்தேன். "ஒண்ணு கேக்கணும்" என்று அடித்தேன். அதையும் அழித்தேன்.

வேலையிடத்துப் பிரச்சினை, அப்பாவின் சர்க்கரை, தம்பி படிப்பைப் பாதியில் விட்டது, எனக்கு வந்த இரண்டு வரன்களை வேண்டாம் என்றது, எல்லாமே அவனிடம் கேட்டுத்தான் செய்தேன். இப்போது கேட்க வேண்டியதே அவனைப் பற்றி. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, கேட்பதற்கு எனக்கு ஆள் இல்லை.

தீவின் ஜார்ஜ் டவுன் கரை நெருங்கியபோது ஒன்று மட்டும் தெரிந்தது. அந்த ஜாதகத்தை நான் யாரிடமும் கொடுக்கப் போவதில்லை. ஏன் என்பதுதான் தெரியவில்லை.

*

நாங்கள் பழகியது ஒரு தண்ணீர்ப் பந்தலில். பினாங்குத் தைப்பூசம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பூசத்துக்கு முதல் நாள் விடியுமுன்னே, பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் புறப்படும். 1894ஆம் ஆண்டு ரதம் அது. நாள் முழுக்க வழியெல்லாம் தேங்காய் உடைபடும். குவியல் குவியலாக உடைப்பார்கள். சீனர்களும் நேர்ந்துகொண்டு உடைப்பார்கள். தண்ணீர்மலைக்குப் போகும் வழியிலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலுக்கு ரதம் போய்ச் சேர இருட்டிவிடும். 2017 முதல் மலைக்கோவிலின் தங்க ரதமும் ஓடுகிறது. மறுநாள் காவடி. ஜாலான் உத்தாமா, ஜாலான் கெபுன் பூங்கா என்று வழி நெடுகப் பந்தல்கள். சாப்பாடு, மோர், சிரப் தண்ணி, தேநீர், எதற்கும் காசு கிடையாது.

2013இல், ஆள் போதவில்லை என்று என் தோழி என்னைக் கூட்டிப்போன பந்தலில் அவன் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தான். ஆசிரியர் பயிற்சிக் கழகத்து மாணவன். எனக்கு இருபது, அவனுக்கு இருபத்தொன்று. ராத்திரி இரண்டு மணிக்கு ஐஸ் தீர்ந்துவிட்டது. யார் போவது என்று எல்லாரும் முகம் பார்த்தபோது அவன் சாவியை எடுத்தான், நான் ஐஸ் பெட்டியை எடுத்தேன். ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் சந்தைக்கு மீன் இறக்க வந்த ஒரு லாரிக்காரரிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தோம். பெட்டி என் மடியில். திரும்பி வந்து சேர்வதற்குள் என் சுடிதார் முழுக்க நனைந்து மீன் வாடை. அன்று சிரிக்கத் தொடங்கியதுதான்.

2016இல் அவனுக்கு முதல் வேலை ஜொகூரில் கிடைத்தது, குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில். ஆசிரியர் வேலையில் போட்ட இடத்துக்குப் போக வேண்டும். இடமாற்றத்துக்கு எழுதி எழுதி, 2019 கடைசியில்தான் பட்டர்வொர்த் இருக்கும் செபராங் பிறைக்கு வந்தான். அந்த மூன்றரை வருஷமும் ஃபோன்தான். அங்கே ஒரு பெண்ணை விரும்பினான். அது ஒன்றரை வருஷம் நீடித்து முறிந்தது. முறிந்த இரவு நான்கு மணி நேரம் பேசினோம். நான் அவன் பக்கம் நின்றேன். நண்பர்கள் அப்படித்தானே நிற்பார்கள்.

அப்புறம் 2020 மார்ச் 18. கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. தீவில் குளுகோரிலுள்ள எங்கள் ஃபிளாட் ஜன்னலில், எதிர்க்கரைக்குப் போகும் பினாங்குப் பாலம் தெரியும். பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், வீட்டிலிருந்து போக எங்களுக்கு அனுமதி 10 கிலோமீட்டர். அவனுடைய பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒரே ஃபோன், அதுவும் அப்பா வேலையிலிருந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். அதனால் ராத்திரி ஒன்பது மணிக்குப் பாடம் நடத்துவான். முடிந்ததும் என்னைக் கூப்பிடுவான். சில நாள் இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமே இருக்காது. ஃபோனை வைக்கவும் மாட்டோம். அவன் நோட்டு திருத்துவான், நான் துணி மடிப்பேன். பேனா கிறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

இப்போது நினைத்துப் பார்த்தால், மாறியது அந்த மாதங்களில்தான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

*

தமிழ்க் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு ஆண் நண்பன் இருக்கலாம். ஆனால் அவனைச் சொல்ல வீட்டில் ஒரு சொல் இருக்காது. 'நண்பன்' என்பது மேடையில், கட்டுரையில் வரும். 'ஃபிரண்ட்' என்றால் பெரியவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். வீட்டுக்குள் வரும் ஆம்பிளைக்கு முறை வேண்டும். என் அம்மா ஒரு முறையைக் கண்டுபிடித்தார். "அண்ணன் மாதிரி."

முதலில் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சொன்னார். அப்புறம் ஈப்போ அத்தையிடம், கோவிலில், கல்யாண வீடுகளில். 2018இல் பாட்டி இறந்தபோது அவன் குளுவாங்கிலிருந்து இரவுப் பேருந்து பிடித்து வந்தான். கூடாரம், நாற்காலி, வந்தவர்களுக்குச் சாப்பாடு, எல்லாவற்றையும் அவனே பார்த்தான். யார் இந்தத் தம்பி என்று கேட்டவர்களிடமெல்லாம் அம்மா அழுதுகொண்டே, "என் மூத்த பையன் மாதிரி" என்றார். அந்த மூன்று நாளும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா அதை நன்றியில் சொன்னார். உண்மையாகவே சொன்னார்.

நான் ஒருநாளும் அவனை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. பேர்தான், அதோடு ஒரு 'டா'. ஆனால் அம்மா சொன்னபோது மறுத்ததும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அவன் மோட்டாரில் வந்து இறங்கினாலும் கீழே உட்கார்ந்திருக்கும் மாமாக்கள் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார்கள் என்றால், அது அந்தச் சொல் கொடுத்த நிழல். அந்த நிழலில் பதினோரு வருஷம் நின்றுவிட்டு, இப்போது எப்படி வெளியே வருவது? அப்போ இத்தனை நாள் சொன்னது பொய்யா என்று கேட்பார்களே. பொய் இல்லை. பாட்டி செத்த அன்று அவன் அண்ணனாகத்தான் நின்றான். 2020இல் ராத்திரி ஃபோனை வைக்காமல் இருந்தபோது அண்ணனாக இல்லை. இரண்டும் ஒரே ஆள். இதை ஈப்போ அத்தைக்கு எந்த வாக்கியத்தில் சொல்வது?

ஜாதகத்தை வாங்கிவந்த பிறகு மூன்று வாரம் இந்த யோசனையிலேயே போனது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருப்பது பிறகுதான் புரிந்தது. எனக்கு வேண்டியது அவனா, இல்லை என் சனிக்கிழமைகளா?

ஏனென்றால் அவனுக்குக் கல்யாணமானால் சனிக்கிழமைகள் போய்விடும். காலையில் நான் ஃபெரியில் அந்தப் பக்கம் போவேன், இல்லை அவன் இந்தப் பக்கம் வருவான். தோசை, அப்புறம் எங்கேயாவது ஒரு தே தாரேக் டீ, மத்தியானம் வரை பேச்சு. வருகிற பெண் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் இது நிற்கும், நிற்கவும் வேண்டும். ஒரு நண்பனை இழக்கும் பயத்தை ஆசை என்று எடுத்துக்கொண்டால், அது எனக்கும் அவனுக்கும் செய்யும் துரோகம். அதனால் என்னையே கேட்டுக்கொண்டேன்: அவன் கல்யாணம் செய்து, அவளும் என்னோடு நன்றாகப் பழகி, மூன்று பேருமாகச் சனிக்கிழமை தோசை சாப்பிட்டால் சரியா? அந்தக் காட்சியைப் பல நாள் மனதில் ஓட்டிப் பார்த்தேன். தோசை இருந்தது, பேச்சு இருந்தது, எதுவும் குறையவில்லை. ஆனாலும் நான் எழுந்து போக நினைத்தேன். அந்த வருஷத் தைப்பூசத்தில், எலுமிச்சைச் சாறு பட்டுப் பட்டு வெடித்துப்போன அவன் விரல்களைப் பார்த்து, அந்தக் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் தள்ளிவிட்டேன். மூன்று வாரத்துக்கு அப்புறம் அந்த நினைப்பைத் தேடி எடுத்து, வந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

*

பயம் இருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பந்தல் கூட்டத்திலேயே ஒரு ஜோடி. எட்டு வருஷ நண்பர்கள். ஒருநாள் இரண்டு பேரும் விரும்புகிறோம் என்றார்கள், எங்களுக்கெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வருஷம் பழகிய பிறகு இன்னும் என்ன பார்க்க வேண்டும் என்று ஐந்தே மாதத்தில் பதிவுத் திருமணம் முடித்துவிட்டார்கள். கோவிலில் தாலி கட்டுவது அடுத்த வருஷம் என்று ஏற்பாடு.

இங்கே மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணத்துக்கு 1982 மார்ச் 1 முதல் பதிவு கட்டாயம். 1976ஆம் ஆண்டுச் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதனால் நம்மவர்கள் பலர் முதலில் பதிந்துவிட்டு, நாள் பார்த்துப் பிறகு தாலி கட்டுகிறார்கள். குடும்பங்களும் தாலி கட்டும் வரை இதை நிச்சயதார்த்தம் போலத்தான் நினைக்கிறார்கள். ஆனால் கையெழுத்துப் போட்ட நிமிஷத்திலேயே சட்டப்படி கணவன் மனைவி. தாலிக்கு நான்கு மாதம் இருக்கும்போது அவர்கள் இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள். பிரிந்த பிறகுதான் தெரிந்தது, விசேஷமான கஷ்டம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் ஒழிய, கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குள் மணவிலக்குக்கு மனு போட முடியாது என்பது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு போட்டாலும் அதே இரண்டு வருஷம். முகம் பார்த்துப் பேசாத இரண்டு பேர், காகிதத்தில் குடும்பமாகக் காத்திருந்தார்கள். பந்தலுக்கு அவள் வந்தால் அவன் வரமாட்டான். அப்புறம் இரண்டு பேருமே வரவில்லை. நாங்களும் இரண்டாகப் பிரிந்து யார் பக்கம் என்று பேசினோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்.

அவர்கள் விரும்பியது தப்பில்லை. இத்தனை வருஷம் பழகியாச்சு, எல்லாம் தெரியும் என்று நினைத்ததுதான் தப்பு என்று நான் நினைக்கிறேன். என் அலுவலகத்து அக்கா ஒருவரிடம், யார் என்று சொல்லாமல் பொதுவாகப் பேச்செடுத்தபோது அவரும் அதையே சொன்னார்: "ஃபிரண்டையே கட்டிக்கிட்டா ஒரு கவலையும் இல்லலா. எல்லாம் தெரிஞ்ச ஆளு."

அப்படியா? ஒரு ராத்திரி உட்கார்ந்து, அவனைப் பற்றி எனக்கு என்னென்ன தெரியாது என்று யோசித்தேன். பள்ளிப் பிள்ளைகளிடம் எவ்வளவு பொறுமை என்று தெரியும். பசித்தால் கோபம் வரும் என்று தெரியும். அவன் கையில் எவ்வளவு காசு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், தெரியாது. எங்களுக்குள் காசு என்றால் சாப்பிட்ட பில்லை மாறி மாறிக் கொடுப்பது மட்டும்தான். பிள்ளை வேண்டுமா என்று கேட்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவோடுதான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறானா, தெரியாது. என்மேல் கோபம் வந்தால் இரண்டு நாள் பேசாமல் இருப்பான். அது எனக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை. நண்பன் இரண்டு நாள் பேசாவிட்டால் வேலையாக இருக்கிறான் என்று இருந்துவிடலாம். ஒரே வீட்டில் இருப்பவன் இரண்டு நாள் பேசாவிட்டால்?

ஜொகூர்ப் பெண்ணின் ஞாபகம் வந்தது. அவள் என்ன சொன்னாள், ஏன் போனாள் என்பதையெல்லாம் அவன் வாயால்தான் கேட்டிருக்கிறேன். அந்த நான்கு மணி நேரத்தில் அவள் பக்கத்தை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. இப்போது எனக்கு அவளோடு பேச வேண்டும் போல இருந்தது.

*

ஆறாவது வாரம் அவனிடமே போனேன். வேறு யாரிடம் போவது?

பாடாங் கோத்தாவில் கடலோரத் திட்டு. சாயங்காலம். ஆளுக்கொரு தட்டு பசெம்போர் சாப்பிட்டு முடித்திருந்தோம். நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவனிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "இது என் ஜாதகம்" என்றான்.

"உங்கம்மா பொண்ணு பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க. ஒன்றரை மாசமா பையிலேயே இருக்கு. யார்கிட்டயும் குடுக்க முடியல. ஏன்னு உன்கிட்டதான்டா கேக்கணும்."

ரொம்ப நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எதிர்பார்த்த பதில்கள் இரண்டு: ஆமாம், அல்லது வேண்டாம். அவன் சொன்னது வேறு.

"போன வருஷம் உனக்குத் தைப்பிங்லேருந்து ஒரு வரன் வந்துச்சுல்ல. வேணாம்னு சொல்லுன்னு நான்தான் சொன்னேன். அவருக்குப் பொறுமை இல்ல, உன் வேலையை விடச் சொல்லுவாருன்னு என்னென்னமோ சொன்னேன். அதுல எதுவும் நெசமில்ல. அவரு நல்லவருதான்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகை வரும் அளவுக்குக் கோபம். அவன் என்னை விரும்பினான் என்று கேட்ட சந்தோஷம் வருவதற்கு முன்னே அந்தக் கோபம் வந்துவிட்டது. அந்த வரனை நான் மறுத்தது அவன் சொல்லை நம்பித்தான். என் வாழ்க்கையில் நியாயமாகப் பேசும் ஒரே ஆள் என்று அவனைத்தான் வைத்திருந்தேன். அந்த ஆள் ஒரு வருஷமாகவே இல்லை என்று அன்று தெரிந்தது. கிராப் வாடகைக் கார் வரவழைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு வாரம் பேசவில்லை.

அந்த இரண்டு வாரத்தில்தான் என் யோசனை முழுக்கத் திரும்பியது. அதுவரை, இந்த நட்பைப் பணயம் வைக்கலாமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் நான் காப்பாற்றப் பார்த்த நட்பு ஏற்கெனவே பழைய இடத்தில் இல்லை. அவன் என் வரனைக் கெடுத்தான். நான் அவன் ஜாதகத்தை ஆறு வாரம் பைக்குள் பூட்டி வைத்தேன். இரண்டும் ஒரே காரியம்தான். இப்படியே ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால், நட்பு என்ற பேரில் ஒருவர் கல்யாணத்தை ஒருவர் தடுத்துக்கொண்டு நாற்பது வயது வரை இருந்திருப்போம். ஒன்றும் செய்யாமல் இருப்பதால் நட்பு பத்திரமாக இருந்துவிடும் என்ற எண்ணம் அன்றோடு எனக்குப் போய்விட்டது.

அப்புறம் நானே கூப்பிட்டேன். இந்த முறை குளுகோரில் ஒரு மாமாக் கடை, தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கோபத்தை முழுசாகச் சொன்னேன். அவன் காரணம் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்டான். அதற்குப் பிறகுதான் மற்றதைப் பேசினோம்.

பேசும்போது ஒன்று புரிந்தது. தெரியாத ஒருவரோடு பழக ஆரம்பித்தால் முதல் அடி சின்னது. ஒரு காபி, ஒரு படம். பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. பதினோரு வருஷ நண்பனோடு அப்படிச் சின்ன அடி வைக்க இடமே இல்லை. காபி குடித்தாகிவிட்டது, வீட்டுக்கு வந்தாகிவிட்டது, சாவு வீட்டில் நின்றாகிவிட்டது. நம் ஊரில் அடுத்த அடி என்றால் நேரே கல்யாணம். தமிழில் 'பழகுகிறார்கள்' என்று ஒரே சொல்லைத்தான் நட்புக்கும் சொல்கிறோம், இதற்கும் சொல்கிறோம். பழகிப் பார்க்கிறோம் என்று நாங்கள் சொன்னால், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்பார்கள்.

அவன் மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே சொன்னான்: "பாலத்துல தீவுக்கு வர்றப்பதான் காருக்கு டோல். திரும்பிப் போறப்ப இல்ல. நமக்கு இது தலைகீழா இருக்கு. போறதுக்குக் காசில்ல. திரும்பறதுக்குத்தான்."

"அப்போ திரும்பறதுக்கு எவ்வளவுன்னு இப்பவே பேசிடுவோம்" என்றேன்.

பேசினோம். அடுத்த தைப்பூசம் வரை, அதாவது 2025 பிப்ரவரி 11 வரை, குடும்பத்துக்குச் சொல்வதில்லை. ஆனால் யாருக்குமே தெரியாமல் இருந்தால் தப்புச் செய்வது போல ஆகிவிடும்; அதனால் எங்கள் பந்தலை நடத்தும் அக்காவிடம் மட்டும் சொல்வது. அது வரை பதிவு, நிச்சயம், வீடு எந்தப் பேச்சும் இல்லை. காசு விவரம் இரண்டு பேரும் மறைக்காமல் சொல்வது. ஒருவருக்கு வேண்டாம் என்று பட்டால் வேலை, வீடு, ஜாதகம் என்று சாக்குச் சொல்லாமல் உண்மையான காரணத்தைச் சொல்வது. அப்படி ஆனாலும் பந்தலை இரண்டு பேரும் விடுவதில்லை: அவன் எலுமிச்சைப் பக்கம், நான் ரதத்தோடு போகும் கூட்டத்தில். இதைச் சொல்லும்போது அவன் குரல் கம்மியது. எனக்கு அவன்மேல் இருந்த நம்பிக்கை பாதிக்கு மேல் திரும்பியது அந்த இடத்தில்தான்.

*

முதல் சில வாரங்கள் கஷ்டமாக இருந்தன. மோட்டாரில் பதினோரு வருஷமாகப் பின்கம்பியைத்தான் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். இப்போது கையை எங்கே வைப்பது? கர்னி டிரைவில் ஒருநாள் நல்ல துணி உடுத்திக்கொண்டு போய் எதிரெதிரே உட்கார்ந்தோம். பேச்சே வரவில்லை. சாதாரணமாக ஒரு சனிக்கிழமையில் மூச்சு விடாமல் பேசுகிறவர்கள் நாங்கள். வீட்டுக்கு வந்து, இது சரிப்படாதோ என்று படுத்திருந்தேன். மறுநாள் அவன் ஃபோன் செய்து, பேசாமல், நோட்டு திருத்த ஆரம்பித்தான். நானும் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

அக்டோபரில் காசு விவரம் பேசினோம். அவன் அண்ணனின் லாரிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அண்ணன் தவணை தவறிய மாதங்களில் இவன் கட்டியிருக்கிறான், இரண்டு வருஷமாக. இவ்வளவு நெருங்கிய எனக்கு இது தெரியாது. கடன் எனக்குப் பயமாக இல்லை. சொல்லாமல் இருந்தது உறுத்தியது. "ஃபிரண்டுகிட்ட இதைச் சொன்னா கடன் கேக்கிற மாதிரி ஆயிடுமேன்னு சொல்லல" என்றான். அது நியாயமாகவே பட்டது.

நவம்பரில் ஒரு சண்டை. காரணம் சின்னது, இப்போது எழுதவும் தேவையில்லை. அவன் வழக்கம்போல மௌனமாகிவிட்டான். முதல் நாள் போனது. இரண்டாம் நாள் ராத்திரி நான் எழுதினேன்: "ஃபிரண்டா இருந்தப்ப இது எனக்கு வலிக்கல. இப்ப வலிக்குது. இது இப்படியே இருந்தா என்னால முடியாது." உண்மையான காரணத்தைச் சொல்வோம் என்று பேசியிருந்தோமே, அதைத்தான் செய்தேன். அனுப்பிவிட்டு, முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஏழரைக்கு ஃபிளாட்டுக்குக் கீழே நின்றான், கண்ணெல்லாம் சிவந்து. அவன் அப்பா கோபம் வந்தால் கையோங்குவாராம். அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்று சின்ன வயதிலேயே வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டானாம். அவன் அப்பா குடிப்பார் என்பது எனக்குத் தெரியும், இது தெரியாது. "ஜொகூர்ல அவ போனதுக்கும் இதுதான் காரணம். உன்கிட்ட அதை நான் சொல்லல" என்றான். படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். கோபம் வந்தால் "நாளைக்குப் பேசறேன்" என்று ஒரு வரியாவது சொல்லிவிட்டுத்தான் மௌனமாவது என்று ஒத்துக்கொண்டான். அதற்குப் பிறகு இரண்டு முறை கோபம் வந்தது. இரண்டு முறையும் அந்த ஒரு வரி வந்தது.

முடிவெடுத்தது எப்போது என்று அந்தப் பந்தல் அக்கா கேட்டபோது இதைத்தான் சொன்னேன். அந்தப் படிக்கட்டில்.

*

தைப்பூசம் முடிந்த அடுத்த ஞாயிறு ஜாதகத்தை அவன் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "ஏழு மாசமா ஒரு பொண்ணைப் பத்திக்கூட நீ பேச்செடுக்கல. அப்பவே நெனைச்சேன்" என்றார். அழுதார், அப்புறம் சாப்பிடச் சொன்னார்.

எங்கள் வீட்டில் அவ்வளவு சுலபமாக இல்லை. அவர்கள் என்ன ஆளுங்க என்ற கேள்வியை அப்பா ஒரு முறை கேட்டார். அதைக் கேட்டால் நான் இந்த வீட்டில் பதில் சொல்ல மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அம்மாவின் கவலை வேறு. "எல்லார்கிட்டயும் அண்ணன் மாதிரின்னு சொல்லிட்டேனேடி. ஈப்போ அத்தைகிட்ட இப்ப என்னன்னு சொல்லுவேன்?" கோபமாகச் சொல்லவில்லை. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல, கையைப் பிசைந்துகொண்டு சொன்னார். நீங்கள் சொன்னது அப்போது சரிதாம்மா என்றேன். ஒரு மாதம் அம்மா அவன் பேச்சையே எடுக்கவில்லை. அவன் வருவதையும் நிறுத்தியிருந்தான்.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பாத்திரம் கழுவிக்கொண்டே, "நாளைக்கு மாவு இருக்கு. வரச் சொல்லு" என்றார்.

காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். அம்மா வாசலில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தம் கேட்டது. லிஃப்டில் ஏறி அவன் வாசலுக்கு வந்திருக்க வேண்டும். வழக்கமாக அம்மா, "உங்கண்ணன் வந்துட்டான் பாரு" என்று கத்துவார். அன்று ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.

அப்புறம் அம்மாவின் குரல், கொஞ்சம் தயங்கி வந்தது. "அவரு வந்துட்டாரு. தோசையை ஊத்து."